கயிறு தள்ளாது

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை காலை, பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே உள்ள ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு பழைய குட்டையில் தயாளன் என்ற நாற்பத்தாறு வயதுப் பொறியாளர் இறந்தார்.

படகின் மூக்கில் ஒரு மரக்கட்டை மோதியது.

தயாளன் உட்கார்ந்திருந்தது படகின் வாலில்.

கட்டை அவரைத் தொடவே இல்லை.

படகின் விளிம்புக்கும் படகுத்துறையின் கான்கிரீட் தூணுக்கும் நடுவே அவருடைய தலை இருந்தது. இப்போது அதைத் தலை என்று எழுதுவதா என்று கோல சிலாங்கூர் போலீஸ் இன்ஸ்பெக்டர் இக்ராம் யோசித்துக்கொண்டிருந்தார்.

"தீபாவளி முடிஞ்சு ரெண்டே நாள்..." சார்ஜன் கங்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "வீட்டுல முறுக்கு இன்னும் காலியாகல. அதுக்குள்ள இப்படி ஒரு காட்சி, துவான்."

"முறுக்கு மிச்சம் இருந்தா ஸ்டேஷனுக்குக் கொண்டா."

"இதைப் பாத்த பிறகுமா பசிக்குது?"

"இதைப் பாத்துப் பசிக்கலன்னா நான் எப்பவோ செத்திருப்பேன் லா."

குட்டையின் மூன்று பக்கமும் செம்பனை. நான்காவது பக்கம் மணல் லோரிகள் போகும் செம்மண் பாதை. கரையிலிருந்து தண்ணீருக்குள் சரிவாக ஒரு இரும்புச் சறுக்குப்பாதை. அதன் கீழ்முனைக்கு எதிரே புத்தம் புதிய அலுமினியப் படகு. மூக்கின் ஒரு பக்கம் உள்ளே நசுங்கியிருந்தது. வாலில் கட்டிய கயிறு, ரத்தம் பட்ட தூணில் தளர்ந்து தொங்கியது.

தயாளனும் அவர் மனைவி ரூபிணியும் ரவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் கம்பெனி நடத்தினார்கள். ஒரு பொருளை அடித்தால் எங்கே உடையும் என்று கம்ப்யூட்டரில் மாடல் செய்து கணக்குப் போட்டுச் சொல்வது தொழில். சில சமயம் நிஜமாகவே அடித்துக் காட்டுவதும் உண்டு.

இந்தப் படகு மின்மினிப்பூச்சி பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்கானது. மழைக் காலத்தில் சிலாங்கூர் ஆற்றில் மரக்கட்டைகள் அடித்துக்கொண்டு வரும். படகு தாங்குமா? அதற்குத்தான் சோதனை. சறுக்குப்பாதையின் உச்சியில் இரும்பு முனை போட்ட கட்டை. அதை ஒரு கொக்கி பிடித்திருக்கும். ரிமோட்டை அமுக்கினால் கொக்கி திறக்கும். கட்டை பாயும்.

சோதனை பிற்பகலில் நடப்பதாக இருந்தது. படகில் யாரும் இருக்கக் கூடாது.

காலையிலேயே கட்டை பாய்ந்துவிட்டது. படகில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவர் செத்துவிட்டார்.

இன்னொருவர் கவிழ்த்துப் போட்ட கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான்.

"மேடம்... பேச முடியுமா?"

"ஓம். கேளுங்கோ." ரூபிணியின் குரலில் நடுக்கம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா கொண்டுவந்த தமிழ், மூன்றாவது தலைமுறையிலும் கலையாமல் இருந்தது.

"என்னா நடந்துச்சு?"

"சென்சர் ஒட்டிக்கொண்டிருந்தம். நான் முன்பக்கம். அவர் பின்பக்கம். கையில இருந்த ஸ்பானர் விழுந்து பின்னுக்கு உருண்டது. எடுக்கப் போனன். சத்தம் கேட்டது. படகு சுத்தினது."

"கட்டைய யாரு அவுத்து விட்டா?"

"தெரியாது. ரிமோட் அவரிட்டத்தான் இருந்தது."

இருந்தது. தயாளனின் வலது பாக்கெட்டில். பின்னால் '2' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இது ரெண்டாம் நம்பர்," கங்கா சொன்னாள். "ஒண்ணாம் நம்பர் எங்க, மேடம்?"

"போன வருசமே தண்ணிக்குள்ள விழுந்திட்டுது."

"கொக்கிக்கு சேப்டி பின் ஒண்ணு இருக்குமே?"

"அது அவற்ற பொறுப்பு."

அந்தப் பின் தயாளனின் இடது பாக்கெட்டில் இருந்தது.

கங்கா இக்ராமின் பக்கம் குனிந்தாள். "ஒரு பாக்கெட்டுல ரிமோட்டு. இன்னொரு பாக்கெட்டுல பின்னு. ரொம்ப ஒழுங்கான பொணம், துவான்."

*

கோல சிலாங்கூர் போலீஸ் நிலையம்.

உட்காரும் முன் ரூபிணி நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தார். ஒரு கால் ஆடியது.

"வேற கதிரை இருக்கா?"

கங்கா வேறு நாற்காலி கொண்டுவந்தாள். ரூபிணி அதையும் அசைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

இக்ராம் தயாளனின் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

திரையில் அதே படகு. மூக்கு சிவப்பாக எரிந்தது. வால் அமைதியான நீலம். மூக்கருகே ஒரு சின்ன உருண்டை. அதன் மேல் R. வாலருகே இன்னொன்று. D.

"இது என்னா மேடம்?"

ரூபிணி வெகுநேரம் பார்த்தார். முகம் முதல்முறையாக மாறியது. துக்கம் அல்ல. சோற்றில் மயிர் கிடந்ததைப் பார்த்த முகம்.

"எவ்வளவு கேவலமான மாடல்."

"மாடல் கெடக்கட்டும். இது கொலைத் திட்டம். R ரூபிணி. D தயாளன். கட்டை மோதுனா முன்னால இருக்கற R காலி. பின்னால D பத்திரம். அப்படித்தானே?"

"அப்பிடித்தான் அவர் நினைச்சிருக்கிறார்."

"இல்ல... நீங்க செஞ்சு அவரு லேப்டாப்புல போட்டிருக்கலாம்."

"ஏன்?"

"போன வருஷம் அதே குட்டையில மணல் உறிஞ்சற பம்ப வெச்ச ஒரு மிதவை உடைஞ்சு வீரன்னு ஒரு ஆளு செத்தான். மணல் படகு இடிச்சாலும் மிதவை தாங்கும்னு ரிப்போர்ட் குடுத்தது உங்க கம்பெனி. கீழ உங்க பேரு, உங்க முத்திரை. அடுத்த மாசம் விசாரணை. 'கணக்கு போட்டது என் மனைவி'ன்னு தயாளன் சாட்சி சொன்னா உங்க லைசென்ஸ் போகும். ஜெயிலும் இருக்கு. அவரு செத்தா... சாட்சி இல்ல."

"சரி."

"என்னா சரி?"

"உங்கட யோசனை சரி எண்டு சொல்லுறன். ஆனா இந்த மாடலை நான் செய்யேல்லை. எனக்குச் செய்யவும் ஏலாது."

"பாருங்க மேடம். இத யாரு செஞ்சதுன்னு நாளைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். அவருன்னா நீங்க வீட்டுக்குப் போறீங்க. நீங்கன்னா 302. கொலை. வேற வழி இல்ல."

"சரி. ஒரு கயிறு தாங்கோ."

"தூக்கு போட்டுக்கவா?" கங்கா கேட்டாள்.

"கங்கா."

"சும்மா கேட்டேன், துவான்." கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, அதன் நாடாவை நீட்டினாள்.

ரூபிணி நாடாவின் ஒரு முனையை மைலோ கோப்பையின் காதில் கட்டினார். இழுத்தார். கோப்பை வந்தது.

அதே நாடாவைக் கோப்பையை நோக்கித் தள்ளினார். நாடா சுருண்டு விழுந்தது. கோப்பை அசையவில்லை.

"கயிறு இழுக்கும். தள்ளாது. படகின்ர வால் தூணில கயிறால கட்டியிருந்தது. தூணை விட்டு விலகிப் போக விடாது. ஆனா தூணை நோக்கி வந்தா? அதைத் தடுக்க ஒண்டும் இல்லைத்தானே."

"சரி..."

"இவர் என்ன செய்திருக்கிறார்? கயிறு கட்டின இடத்தை மாடலில ஆணி அடிச்ச மாதிரிப் பூட்டிப் போட்டார். எந்தப் பக்கமும் அசையாது எண்டு. அதாலதான் வால் நீலமா இருக்கு. பத்திரம் எண்டு காட்டுது."

"ஏன் அப்படிச் செய்யணும்?"

"தண்ணியில மிதக்கிற பொருளை ஒண்டும் பிடிச்சிருக்கிறதில்லை. அதை அப்பிடியே குடுத்தா சாதாரண கணக்கு ஓடாது. சொப்ட்வேர் எரர் காட்டும். அரைகுறையாப் படிச்சவை உடனே ஒரு இடத்தில ஆணி அடிச்சுவிடுவினம். எரர் போயிடும். பிழையான விடை கலர் கலரா வடிவா வரும்."

"நெசத்துல?"

"நிஜத்தில ஆணி இல்லை. மூக்கில பக்கவாட்டா அடிச்சா மூக்கு அங்கால போகும். வால் இங்கால சுத்தி வரும். தூண் நிண்ட பக்கம்."

இக்ராம் தளர்ந்து தொங்கிய கயிற்றை நினைத்துப் பார்த்தார்.

"வீரன் செத்த மிதவையும் இதே பிழைதான்," ரூபிணி தொடர்ந்தார். "அதையும் இவர்தான் செய்தவர். எனக்குத் தெரியாம கீழ என்ட முத்திரையைக் குத்தினார். விசாரணையில நான் அதைச் சொல்லுவன் எண்டு அவருக்குத் தெரியும். அதுதான் என்னை முன்னால இருத்தினவர்."

"வீரனுக்காக வருத்தம் இருக்கா மேடம்?"

"என்ட பேருக்கு மேல அப்பிடி ஒரு மாடல் இருந்தது. அதுக்கு வருத்தம்."

வெளியே வந்ததும் கங்கா நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இந்தம்மாவுக்கு ஒடம்புல ரத்தம் ஓடல, துவான். கூலன்ட் ஓடுது."

*

மறுநாள் காலை. இக்ராமின் மாமனார் மீரா முகைதீனின் சாப்பாட்டுக் கடை.

நூருல் ரொட்டி சானாயைக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தாள். இக்ராமின் மனைவியின் தங்கை. ரவாங்கில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பம்பர் மோதினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் நாள் முழுக்கக் கார்களை இடிப்பவள். இக்ராமுடைய மேலதிகாரியின் அனுமதியோடு, தயாளனின் லேப்டாப்பில் இருந்த மாடல்களின் நகல் முதல் நாள் மாலையே அவளிடம் போயிருந்தது.

"மச்சான், இந்தப் படகு மாடல செஞ்ச ஆளு இறந்துட்டாரா?"

"ஆமா."

"நல்லது."

"நூருல்..."

"அவரு பாலம் ஏதாச்சும் கட்டியிருந்தா சொல்லுங்க. அந்தப் பக்கம் போக மாட்டேன்."

"அந்தம்மா சொன்னது சரியா? அத மட்டும் சொல்லு."

நூருல் தே தாரேக் டீ சிந்தி ஈரமாயிருந்த மேசையில் ஒரு நீளமான அகப்பையைப் படுக்க வைத்தாள். ஒரு முனையை விரலால் சுண்டினாள். அந்த முனை விலகி ஓடியது. மறுமுனை சுழன்று அவள் பக்கமே வந்து தம்ளரைத் தட்டியது.

"இதுதான் படகு. தம்ளர் தூணு. தம்ளர்கிட்ட உக்காந்திருந்தவர் தலை..."

"புரியுது. சாப்புடு."

"நடுவுக்குக் கொஞ்சம் பின்னால பாத்தீங்களா? முன்பக்கம் அங்க போகுது, பின்பக்கம் இங்க வருது. அப்ப ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் மட்டும் அந்த நொடியில எங்கயும் போகாது. எறும்பு உக்காந்திருந்தா அதுக்கு இடிச்சதே தெரியாது."

இக்ராம் அதைக் காதில் வாங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தப்ப ரூபிணி செய்வாங்களா? அத சொல்லு."

"ரூபிணி அக்காவா?" நூருல் சிரித்தாள். "போன வருஷம் ஷா ஆலாம்ல ஒரு செமினார்ல பேசுனாங்க. மிதக்குற பொருளுக்கு ஆணி அடிக்கறவங்கள ஒரு மணி நேரம் திட்டுனாங்க. பாதிப் பேரு டீ குடிக்கவே போகல. பயம். அவங்க இத செய்யவே மாட்டாங்க, மச்சான். கைய வெட்டுனாலும் செய்ய மாட்டாங்க."

அன்று மதியம் ரூபிணியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போகும்போது இக்ராமிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மாடல்... அவர் செய்தது எண்டு எழுத்தில தருவீங்களா? விசாரணைக்கு வேணும்."

புருஷனின் உடலை எப்போது தருவீர்கள் என்று கேட்கவில்லை.

*

மாலையில் இக்ராமும் கங்காவும் படகுத்துறையை அளக்க மறுபடி குட்டைக்குப் போனார்கள்.

எதிர்க்கரையில் ஒருத்தி தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து எஸ்டேட் லயத்தில் இருப்பவள்.

"உங்க பேரு என்னாங்க?"

"அம்சவள்ளி." தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் புருஷன் இதே தண்ணியில செத்தப்ப ஒருத்தனும் என் பேரக் கேக்கல. இப்ப என்ன?"

வீரனின் மனைவி.

"செவ்வாய்க்கிழமை காலைல இங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். பாத்தேன்."

"ஏன் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லல?"

"அந்தாளு தலை நசுங்கறதப் பாத்துட்டு ஓடியாந்து சொல்லணுமா? நான் மீன எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயி கொழம்பு வெச்சேன். நல்லா இருந்துச்சு."

கங்கா இருமினாள்.

"அந்தம்மா எங்க உக்காந்திருந்தாங்க? முன்னாலதானே?"

"முன்னாலயா? யாரு சொன்னா? நடுவுக்குக் கொஞ்சம் பின்னால. பலகையிலகூட இல்ல. கீழ, சப்பணம் போட்டு. ஒரு கையால படகோட பக்கத்தக் கெட்டியா புடிச்சிக்கிட்டு."

"இன்னொரு கை?"

"மடியில இருந்துச்சு."

"இடிச்ச பிறகு விழுந்திருப்பாங்க..."

"இடிக்கறதுக்கு முன்ன, சார். இவ்ளோ படிச்ச பொம்பளைக்குத் தண்ணின்னா பயமான்னு நெனச்சேன்."

இக்ராம் எழுதுவதை நிறுத்தினார்.

ஈரமான மேசை. அகப்பை. நடுவுக்குக் கொஞ்சம் பின்னால்...

எறும்பு.

அம்சவள்ளி இன்னொன்றும் சொன்னாள். செத்துப்போன தயாளனைப் பற்றி.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" இக்ராம் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க மொதல்லயே கேட்டிருக்கலாம்ல?"

தக்கை முங்கியது. அவள் தூண்டிலைத் தூக்கினாள்.

*

காரில் ஏறும்போது போன் அடித்தது. நூருல்.

"மச்சான், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"நீ செஞ்சதா?"

"இல்ல. தப்பு ரொம்ப சரியா இருக்கு."

"ரொட்டி தின்னுட்டுப் பேசாத. தெளிவா சொல்லு."

"இந்த மாடல்ல ஆணி அடிக்கறதுக்கு முன்னால, ஒரு தடவ எதையும் புடிக்காம சும்மா ஓட்டிப் பாத்திருக்காங்க. காலைல நான் கடைசி விடைய மட்டும்தான் பாத்தேன். இப்பதான் ஓட்டுன வரிசையப் பாத்தேன். படகு மாடல்ல நெசமாவே மிதக்குதான்னு பாக்கற சோதனை அது. ஆறு பூஜ்யம் வரணும்."

"ஆறு எதுக்கு?"

"முன்ன பின்ன, இடது வலது, மேல கீழ. மூணு. அப்புறம் மூணு விதமா சுத்தறது. மிதக்குற பொருள் இந்த ஆறு விதமாவும் தடையில்லாம போகும். ஆறும் பூஜ்யமா வந்தா மாடல் சுத்தம். வந்திருக்கு. அதப் பாத்து உறுதி செஞ்சுட்டு, அப்புறமா ஆணி அடிச்சிருக்காங்க."

"அப்ப... படகு சுத்தும்னு தெரிஞ்ச ஆளு."

"தெரிஞ்ச ஆளு. அப்புறம் முட்டாள் மாதிரி வேஷம் போட்டிருக்கு. தயாளனோட பழைய மாடல் அத்தனையும் தொறந்து பாத்தேன். ஒண்ணுலகூட இந்தச் சோதனை இல்ல. அப்படி ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது."

"இவ்ளோ கெட்டிக்காரங்க, அத அழிச்சிருக்க மாட்டாங்களா?"

"மச்சான், லோரி டிரைவர் ஏறுறதுக்கு முன்னால டயர ஒரு ஒத ஒதைப்பான். கேட்டுப் பாருங்க. 'நான் எப்ப ஒதைச்சேன்?'ம்பான். கை செய்யறது தலைக்குத் தெரியாது."

இக்ராம் போனை வைத்தார்.

ஆடிய நாற்காலி நினைவுக்கு வந்தது. கங்கா கொண்டுவந்த இரண்டாவது நாற்காலியும்.

*

ரவாங். ரயில் நிலையத்துக்கு எதிரே கடைவீட்டு மாடி.

ரூபிணி வேலை செய்துகொண்டிருந்தார். திரையில் வீரன் செத்த பம்ப் மிதவை. இந்த முறை ஆணி இல்லாமல். நடுச்சட்டம் முழுக்கச் சிவப்பு.

"பாருங்கோ," அவர் திரும்பாமலே சொன்னார். "சரியாச் செய்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், உடையும் எண்டு. விசாரணையில இதைக் காட்டப் போறன். எழுத்தில கொண்டுவந்தனீங்களா?"

"ஒரு சந்தேகம் மேடம். அத கேட்டுட்டு எழுதலாம்னு."

"கேளுங்கோ."

"ஆறு பூஜ்யம்."

மவுஸைப் பிடித்திருந்த கை நின்றது.

"அது... எல்லாரும் பாக்கிறது."

"உங்க கணவர் பாக்கல. ஒரு தடவகூட. அவரக் கொன்ன இந்தப் படகு மாடல்ல மட்டும் பாத்திருக்காரு. கடைசி நேரத்துல திருந்திட்டாரா?"

கீழே கோலாலம்பூர் போகும் ரயில் நின்றது. ஆள்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"அப்புறம் நீங்க உக்காந்திருந்த இடம். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால. இடிச்சா அசையாத இடம். எதிர்க்கரையில ஒருத்தங்க பாத்திருக்காங்க. ஸ்பானர் தேடறவங்க சப்பணம் போட்டு உக்கார மாட்டாங்க, மேடம்."

ரூபிணி மவுஸைத் தள்ளி வைத்தார்.

"ஒரு கை மடியில. அதுல ஒண்ணாம் நம்பர் ரிமோட்டு. தயாளன உக்கார வெச்சது நீங்க. சேப்டி பின்ன கழட்டுனது நீங்க. வேலை முடிஞ்சு அவரு பாக்கெட்டுல எல்லாத்தையும் அடுக்கி வெச்சதும் நீங்க. மிதவைத் தப்பும் அவரோடதுன்னு காட்ட, இந்த மாடல செஞ்சு அவரு லேப்டாப்புல போட்டதும் நீங்க. ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியல. முட்டாள் மாடல்தானே செய்யணும்? எதுக்கு அந்தச் சோதனை?"

ரூபிணி நாற்காலியைத் திருப்பினார். முகத்தில் பயம் இல்லை. நிஜமான வியப்பு இருந்தது.

"பிழையான மாடல் எண்டாலும்... ஒழுங்காச் செய்யோணும்தானே."



"இத எழுதிக்கவா, துவான்?" கங்கா கேட்டாள்.

"எழுது. ஒரு வார்த்த மாறாம."

"ரிமோட்டைக் குட்டைக்குள்ள தேடுங்கோ," ரூபிணி சொன்னார். "ஆழம் தெரியும்தானே."

"தேட வேணாம் மேடம். ஏன் செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"அடுத்த மாசம் எல்லார் முன்னாலயும் அவர் சொல்லியிருப்பார், அது என்ட மாடல் எண்டு. உண்மையைச் சொல்லுவீங்களா எண்டு எப்ப கேட்டாலும் பாப்பம், பாப்பம் எண்டு மட்டும் சொன்னவர். என்ட வேலையில இதுவரைக்கும் ஒரு பிழை வந்ததில்லை. அவர் உயிரோட இருக்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை. அவற்ற பிழை என்ட பேரில இருக்கிறதுதான் பிரச்சினை."

இக்ராம் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தீபாவளிக்கு முந்தின வாரம் அவரு எங்க போனாருன்னு தெரியுமா?"

"சாமான் வாங்க."

"வீரனோட பெண்டாட்டி அம்சவள்ளி வீட்டுக்கு. லயத்து வாசல்ல நின்னு அழுதிருக்காரு. 'கணக்கு போட்டது நான். என் மனைவிக்குத் தெரியாம அவ முத்திரையக் குத்துனேன். விசாரணையில நானே சொல்லிடுவேன்'னு. அம்சவள்ளி பாத்திரம் கழுவுன தண்ணிய அவரு மூஞ்சில ஊத்தியிருக்காங்க. தொடைக்காம நின்னுருக்காரு."

ரூபிணியின் உதடுகள் பிரிந்தன.

"என்னட்டச் சொல்லேல்லை."

"உங்ககிட்ட சொல்ல பயமா இருந்திருக்கும் லா. செமினார்ல பாதிப் பேருக்கே பயமாம்."

கங்கா விலங்கைப் பூட்டினாள். "பொறுமையா இருந்திருந்தா உங்க பேரு தானா சுத்தமாயிருக்கும், மேடம்."

ரூபிணி திரையைப் பார்த்தார். சிவப்பாக எரிந்த நடுச்சட்டத்தைப் பார்த்தார்.

"கணக்கில அதை எடுக்கேல்லை," என்றார்.

*

நவம்பர் 27, திங்கட்கிழமை, கோல சிலாங்கூர் நீதிமன்றத்தில் ரூபிணி மீது 302ஆவது பிரிவின் கீழ் குற்றம் சாட்டப்பட்டது. ஜாமீன் இல்லை.

பம்ப் மிதவை விசாரணை டிசம்பரில் நடந்தது. கணக்குப் போட்டது தயாளன்தான் என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் உயிரோடு இல்லை. அவர் சொன்னதைக் காதால் கேட்ட அம்சவள்ளிக்கு அழைப்பு போயிருந்தது. அவள் வரவில்லை. அன்று குட்டையில் மீன் நன்றாகக் கடித்தது.

ரிப்போர்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று விசாரணை முடிந்தது. வீரனைக் கொன்ற மாடல் இனி எல்லாக் காலத்துக்கும் ரூபிணியின் மாடல்.

அதைச் சொல்ல வழக்கறிஞர் சிறைக்குப் போனார். பார்வையாளர் அறையில் ஒரு மேசை. இரண்டு நாற்காலிகள். இரண்டும் தரையோடு திருகி முடுக்கப்பட்டவை.

ரூபிணி உட்காரும் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

அசையவில்லை.

உட்கார்ந்தார்.